பதினாலுக்கு இருபத்திரண்டு

பதினாலுக்கு இருபத்திரண்டு,
அங்குலக் கணக்கு.
பஸ் டிக்கெட்டின் முதுகில் பென்சிலால் குறித்து
சட்டைப் பையில் வைத்தேன்.
அந்தச் சட்டை இப்போது எங்கள் வீட்டுத் தரை துடைக்கிறது.

டானிங்டனில் வீடு. படுக்கையறை ஜன்னலில்
ஒரு கண்ணாடி உடைந்தது.
பந்தடித்த பையன்
ஓசூரில் வேலை பார்க்கிறான், மீசையோடு.

என் கடையிலிருந்து காதர் மைதீன் கண்ணாடிக் கடைக்கு
நூற்றுப்பத்து எட்டு.
எண்ணியிருக்கிறேன்.
"எண்ணத் தெரிஞ்ச கால் அங்கேயே நின்னிருக்கலாம்ல"
என்றாள் ஜெசிந்தா, அப்போதெல்லாம்.

கோத்தகிரி தாலுகா ஆபீஸ் எதிரே
மனு எழுதும் பிழைப்பு எனக்கு.
முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், வாரிசுச் சான்று.
கடைசித் தேதியன்று மூச்சிரைக்க வருகிறவர்களை
அதட்டியிருக்கிறேன்:
"இத்தனை நாள் என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"
யாரும் பதில் சொன்னதில்லை.
கையை நீட்டுவார்கள்.
பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி
தாளில் உருட்டுவேன்.

இத்தனை நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

சோம்பல் என்று சொல்லிவிடலாம்,
அது கௌரவமான பதில்.
உள்ளது அதைவிடச் சின்னது.
முதல் வாரம் மழை.
அடுத்த வாரம் காதர் மைதீன் ஊரில் இல்லை.
மூன்றாம் வாரம் பிஸ்கட் பெட்டியைக் கிழித்து
அட்டை வைத்து அடைத்தேன்.
காற்று நின்றது.
காற்றோடு அவசரமும் நின்றது.

பிறகு வந்ததுதான் வெட்கம்.
"இப்பத்தான் வர்றீங்களா" என்று கேட்டுவிடுவாரோ.
என் ஜன்னல் உடைந்ததே
அந்த மனிதருக்குத் தெரியாது.
ஆனாலும் எதிர்சாரியில் நடந்தேன்
ஆறு வருடம்.

நாளைக்கு என்று சொல்லிப் பாருங்கள்,
கரியடுப்பில் கை காட்டியது மாதிரி
உடம்பில் ஒரு சூடு பரவும்.
பாதி வேலை முடிந்துவிட்டது போல.
மீதிப் பாதியை
யாரோ பார்த்துக்கொள்வார்கள் போல.

மழைக்கு அட்டை ஊறி உப்பும். உடனே மாற்றுவேன்.
அட்டை மாற்றுவதை மட்டும்
ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.

ஜன்னலோரம் படுப்பவள் அவள்.
ஜனவரி உறைபனியில் இருமுவாள்.
முதல் வருடம் கேட்டாள்.
மறுவருடம் சண்டை போட்டாள்.
அப்புறம் வந்த விருந்தாளிகளிடம்
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன்.
பிறகு ஒருநாள் கேட்கவில்லை.
எந்த நாள் என்று தெரியாது.
நிம்மதியாக இருந்தது.
அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போன வியாழன் கடை அடைத்து வந்தேன்.
அறையில் வெளிச்சம்.
அட்டை இருந்த இடத்தில்
போஜனின் அரை ஏக்கர் தெரிந்தது.
கோவைக்குப் போன மனுஷன் திரும்பவில்லை,
கொழுந்து கிள்ள ஆளில்லை, கவாத்து இல்லை.
இடுப்பளவுச் செடிகள் என்றுதான்
மனதில் வைத்திருந்தேன்.
மரங்கள் நின்றன.
தேயிலைதான். என் தலைக்கு மேலே, வெள்ளைப் பூவோடு.

விட்ட வேலை விட்ட இடத்திலேயே
காத்திருக்கும் என்று யார் எனக்குச் சொன்னது?

"யார் போட்டா?"
"நான்தான்."
"சொல்லியிருந்தா நாளைக்கே..."
"சப்பாத்தி ஆறுது, வாங்க" என்றாள்.
குரலில் கோபம் தேடினேன், இல்லை.

மேஜை மேல் அவள் பெயரில் ஒரு பாஸ்புக்.
அதன் அடியில் பெரிய பழுப்பு உறை,
குன்னூர் ஆஸ்பத்திரி முத்திரை,
எக்ஸ்ரே.
தேதி மூன்று வாரம் முந்தையது.
தனியாகப் போய்
தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

சாப்பிடாமல் ஜன்னலருகே போனேன்.
கண்ணாடியைச் சுற்றி மக்கு இன்னும் காயவில்லை.
மக்கு. பொருத்தமான பெயர்தான்,
அதற்கும் எனக்கும்.
எண்ணெய் வாசம்.
கீழ் மூலையில் அவள் அழுத்திய இடத்தில்
பெருவிரல் ரேகை, வரி வரியாக.

ஆயிரம் ரேகை எடுத்தவன் நான்.
எதற்குச் சம்மதம் என்று
ஒவ்வொன்றுக்கும் மேலே எழுதியிருக்கும்,
என் கையெழுத்தில்.
இதற்கு மேலே
வெறும் கண்ணாடி.